சார்ன்லியின் கண்ணாடிக் கூண்டு

இன்னைக்கு நாம போகப்போறது இங்கிலாந்தின் லங்காஷயர்ல இருக்கிற ரைட்டிங்டன் மருத்துவமனைக்கு. காலம் 1960கள். ஜான் சார்ன்லி என்ற எலும்பு சர்ஜன், தேய்ந்துபோன இடுப்பு மூட்டை எடுத்துட்டு உலோகப் பந்தும் பிளாஸ்டிக் கிண்ணமும் வைக்கிறார். வலியில முடங்கிக் கிடந்தவங்க எழுந்து நடக்குறாங்க. ஆனா எல்லாரும் இல்ல. ஆரம்பத்துல நூத்துக்கு ஏழு பேருக்கும் மேல உள்ளே சீழ் பிடிச்சுது.

ஏழுதானேன்னு தோணும். எலும்புக்கு ரத்த ஓட்டம் உண்டு, உலோகத்துக்குக் கிடையாது. அதுமேல ஒட்டுற பாக்டீரியா தன்னைச் சுத்தி ஒரு பிசின் படலம் கட்டிக்கும். மருந்து அதைச் சரியா ஊடுருவாது. அதனால பல நேரம் வச்ச மூட்டையே கழற்றணும். 1983ல நியூயார்க்கைச் சேர்ந்த ஜான் இன்சால் குழு எழுதிய வழிமுறை இதுதான்: முழங்கால் மூட்டைக் கழற்று, ஆறு வாரம் நரம்பு ஊசியா ஆன்டிபயாடிக் கொடு, அப்புறம் புது மூட்டு வை. ஒரு ஆபரேஷனுக்கு வந்தவருக்கு மூணு ஆபரேஷன். நடுவுல ஒன்றரை மாசம், மூட்டு இல்லாத காலோட.

சார்ன்லி சந்தேகப்பட்டது தியேட்டர் காற்றை. பீர் ஆலைகளுக்குக் காற்று வடிகட்டி செய்த ஹாவர்த் நிறுவனத்தைப் பிடிச்சார். (ஆமா, பீர்!) தியேட்டருக்குள்ளேயே ஒரு கூண்டு, மேலிருந்து சுத்தமான காற்று, சர்ஜன் விடுற மூச்சைக் குழாய் வழியா உறிஞ்சி எடுக்கிற உடை. 1970 வாக்கில் தொற்று நூத்துக்கு ஒண்ணுக்கும் கீழே வந்துடுச்சு.

ஆனா ஒரு சிக்கல். அதே வருஷங்கள்ல அவர் இரட்டைக் கையுறை போட்டார், தையல் முறையையும் மாத்தினார். நாலு மாற்றத்தை ஒரே ரிலீஸ்ல தள்ளினா எது பக்கை சரி பண்ணுச்சுன்னு எப்படிச் சொல்றது? அதனால பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பெரிய சோதனை நடத்தியது. 8000க்கும் மேற்பட்ட ஆபரேஷன்கள், முடிவு 1982ல வந்தது: சுத்தக் காற்று தொற்றைப் பாதியாக்குச்சு. சார்ன்லி ஜெயிச்சுட்டார்னு எல்லாரும் நம்பினாங்க. ஆனா அதுல ஆன்டிபயாடிக் யாருக்குக் கொடுக்கிறதுங்கிறதை குலுக்கல்ல முடிவு பண்ணல. அதுக்கும் பெரிய பலன் தெரிஞ்சுது.

2011ல நியூசிலாந்தின் மூட்டு மாற்றுப் பதிவேட்டைப் பார்த்தவங்களுக்கு அதிர்ச்சி. அந்த மாதிரி காற்றும் உடையும் இருந்த இடங்கள்ல தொற்று குறையல. இந்த ஆபரேஷனுக்கு அந்தக் காற்றமைப்பு வேண்டாம்னு 2016ல உலகச் சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. எனக்கென்னமோ சார்ன்லி தப்புன்னு தோணல. ஆபரேஷனுக்கு முன்னாடியே ஆன்டிபயாடிக் கொடுக்கிறது வழக்கமான பிறகு, காற்று செய்ய மிச்சமிருந்த வேலை சின்னதாகியிருக்கலாம்.

சரி, படுக்கையில கிடக்கிற அந்த ஆறு வாரம்? அதையும் ஒருத்தர் கேள்வி கேட்டாங்க. 2019ல வெளியான பிரிட்டன் ஆய்வுல எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1054 பேர். பாதிப் பேருக்கு நரம்பு ஊசி, பாதிப் பேருக்கு மாத்திரை. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா மாத்திரை எந்த வகையிலும் பின்தங்கல. மருத்துவமனை வாசத்தின் நடுமதிப்பு ஊசிக்காரங்களுக்கு 14 நாள், மாத்திரைக்காரங்களுக்கு 11. மிச்ச மாத்திரையை வீட்டுல போட்டுக்கிட்டாங்க.