பரணில் கிடக்கும் பழைய மரச் செஸ் செட்... எவ்வளவு பெறும்? அசலைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்காட்லாந்தின் எடின்பரோவைச் சேர்ந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், 1964-ம் ஆண்டு 5 பவுண்டு கொடுத்து ஒரே ஒரு செஸ் காயை வாங்கினார். அதன் மதிப்பு தெரியாமலேயே அவரது குடும்பம் பல வருஷம் அதை டிராயருக்குள் வைத்திருந்தது. 2019 ஜூலையில் லண்டன் சதபீஸ் ஏலத்தில் அந்தக் காய் விலை போனது எவ்வளவுக்குத் தெரியுமா? 7,35,000 பவுண்டு!

அது சுமார் 800 ஆண்டு பழமையான, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கிய 'லூயிஸ்' செஸ் காய். எல்லாப் பழைய காய்க்கும் இப்படி அடிக்காது. குறிப்பாக, மரச் செட்டுகளில் பெரும்பாலானவை பழசாக இருந்தாலும் பெரிய விலைக்குப் போவதில்லை. ஆனால் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்கும் சில மரச் செட்டுகள் இருக்கின்றன. அவற்றில் முதல் இடத்தில் இருப்பது லண்டன் ஜேக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்டான்டன்' செட். போலிகள் அதிகம் புழங்குவதும் இதில்தான்.

ஸ்டான்டன் செட் என்றால் என்ன?

இன்று போட்டிகளில் பார்க்கும் செஸ் காய்களின் வடிவம்தான் ஸ்டான்டன். 1849 மார்ச் 1-ம் தேதி நதானியேல் குக் என்பவர் பெயரில் இங்கிலாந்தில் இந்த டிசைன் பதிவானது. அதே ஆண்டு செப்டம்பர் 29-ல் ஜேக்ஸ் நிறுவனம் விற்பனையைத் தொடங்கியது. அப்போது முன்னணி வீரராக இருந்த ஹோவர்ட் ஸ்டான்டனின் பெயரை செட்டுக்கு வைத்தார்கள்.

அதற்கு முன்பு இங்கிலாந்தில் 'செயின்ட் ஜார்ஜ்', பிரான்சில் 'ரெஜான்ஸ்' என்று ஊருக்கு ஒரு வடிவம். எது ராணி, எது மந்திரி என்றே வெளியூர்க்காரர்களுக்குக் குழப்பமாக இருக்கும். பார்த்தவுடனே காயை அடையாளம் காணும்படி இருந்ததால் ஸ்டான்டன் வடிவம் நிலைத்துவிட்டது. ஆக, ஸ்டான்டன் 'வடிவம்' என்பதற்காக மட்டும் ஒரு செட்டுக்கு மதிப்பு கிடையாது. உலகத்தில் பாதி செட் அந்த வடிவம்தான். யார் செய்தது, எப்போது செய்தது என்பதுதான் கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது வெள்ளை ராஜா

பழைய ஜேக்ஸ் செட்டில் வெள்ளை ராஜாவின் அடிப்பாகத்தில் நிறுவனத்தின் பெயரும் லண்டன் என்ற சொல்லும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் மரத்திலேயே பதிந்திருக்கும். பல செட்டுகளில் கருப்பு ராஜாவிலும் இது உண்டு. இந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகள்: ஜே, ஏ, கியூ, யூ, இ, எஸ். நடுவில் 'சி' வராது. 'சி' இருந்தால் அங்கேயே உஷாராகிவிடலாம்.

குதிரைத் தலையில் குட்டி கிரீடம் ஏன்?

ராஜா பக்கத்துக் குதிரை, ராஜா பக்கத்துக் கோட்டை ஆகிய காய்களின் மேல் ஒரு சின்ன கிரீட முத்திரை இருக்கும். ராணி பக்கத்துக் காய்களில் இருக்காது. இது அலங்காரத்துக்காக வைத்தது இல்லை. அந்தக் காலத்து ஆங்கில முறையில் நகர்த்தலை எழுதும்போது 'ராஜாவின் குதிரை', 'ராணியின் குதிரை' என்று பிரித்து எழுதுவார்கள். ஆட்டம் நடுவே எது எந்தக் குதிரை என்று தெரிய வேண்டும் இல்லையா? அதற்குத்தான் இந்த அடையாளம். ஒரு நிறத்துக்கு 2 என மொத்தம் 4 காய்களில் கிரீடம் இருக்க வேண்டும். நான்கு குதிரையிலும் கிரீடம் இருந்தால், காரணம் தெரியாத யாரோ குத்திய முத்திரை என்று சந்தேகிக்கலாம்.

காலத்தைச் சொல்லும் குதிரை

ராஜா முதல் சிப்பாய் வரை மற்ற காய்கள் கடைசல் இயந்திரத்தில் உருவானவை. குதிரையின் தலை மட்டும் கையால் செதுக்கியது. அதனால் செதுக்கும் பாணி காலத்துக்குக் காலம் மாறியது. பிடரி, காது, தாடை, வாய் ஆகியவற்றைப் பார்த்தே செட்டின் காலத்தை சேகரிப்பாளர்கள் ஓரளவு கணிக்கிறார்கள். ஆண்டர்சன், ஸ்டைனிட்ஸ், லாஸ்கர் என்று பழைய வீரர்களின் பெயர்களை அந்தந்த பாணிக்கு வைத்திருக்கிறார்கள்.

என்ன மரம்? எவ்வளவு எடை?

நல்ல ஜேக்ஸ் செட்டில் கருப்புக் காய்கள் எபோனி எனும் கருங்காலி மரம். வெள்ளைக் காய்கள் பாக்ஸ்வுட் எனும் வெளிர் மஞ்சள் மரம். காலப்போக்கில் பாக்ஸ்வுட் தேன் நிறத்துக்கு மாறும். மலிவான செட்டுகளில் கருப்புக் காயும் பாக்ஸ்வுட்தான், மேலே கருப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தேய்ந்த விளிம்பில் வெளிர் மரம் எட்டிப் பார்த்தால் அது கருங்காலி இல்லை.

காய் சாயாமல் நிற்க அடியில் ஈயம் வைத்து, மேலே பச்சைத் துணி ஒட்டியிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க அந்தத் துணியைப் பிய்க்கக் கூடாது. பழைய துணியும் மதிப்பில் ஒரு பகுதிதான்.

போலியை எப்படிப் பிடிப்பது?

பஞ்சாபின் அமிர்தசரஸில் தயாராகும் மரச் செட்டுகள் உலகம் முழுக்க ஏற்றுமதியாகின்றன. 1849 டிசைனை அப்படியே திரும்பச் செய்து, 'மறுபதிப்பு' என்று சொல்லியே விற்கிறார்கள். அதில் தவறில்லை. கைமாறும்போது யாராவது சாயம் பூசி, 'ஆன்டிக்' என்று சொல்லி விற்றால்தான் சிக்கல். கவனிக்க வேண்டியவை:

- தேய்மானம்: உண்மையான பழைய காயில் கை படும் இடங்கள் மழமழவென்று இருக்கும், இடுக்குகளில் அழுக்கு இறங்கியிருக்கும். எல்லா இடமும் ஒரே சீராக மங்கியிருந்தால் சந்தேகப்படணும்.
- வட்டம்: பழைய மரம் ஒரு திசையில் கொஞ்சம் சுருங்கும். ராஜாவின் அடிப்பாகத்தை வெர்னியர் காலிப்பரில் இரண்டு திசையில் அளந்தால் மிகச் சிறிய வித்தியாசம் தெரியலாம். இது துணைச் சான்றுதான், இதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.
- முத்திரை: எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் மேல்பரப்பின் பழைய நிறமே இருக்க வேண்டும். பள்ளம் மட்டும் புதுசாகப் பளிச்சென்று தெரிந்தால் அது பின்னால் குத்தியது.
- கலவை: ராஜா அசலாக இருந்து, மற்ற காய்கள் வேறு செட்டிலிருந்து வந்திருக்கலாம். அதனால் முத்திரை இருக்கும் காயை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது.

விலையை எது தீர்மானிக்கிறது?

முதலாவது, 32 காயும் இருக்கிறதா என்பது. ஒரு சிப்பாய் குறைந்தாலோ, மாற்றுக் காய் வைத்திருந்தாலோ விலை சட்டென்று இறங்கும். அடுத்தது சேதம். ராஜாவின் சிலுவை, குதிரையின் காது, கோட்டையின் விளிம்பு ஆகியவைதான் முதலில் உடையும் இடங்கள்.

மூன்றாவது அளவு. ராஜா சுமார் 3.5 அங்குல உயரம் இருக்கும் செட் பரவலாகக் கிடைக்கும். 4.4 அங்குல 'கிளப்' அளவு அரிது, அதனால் விலை அதிகம். 19-ம் நூற்றாண்டு ஜேக்ஸ் செட்டுகளில் சாதாரண அளவுகள் பல நூறு பவுண்டு முதல் ஆயிரத்தைத் தாண்டியும், கிளப் அளவு பல ஆயிரம் பவுண்டுக்கும் போவதுண்டு.

நான்காவது பெட்டி. மகோகனி மரப் பெட்டியும், மூடியின் உட்புறம் ஒட்டிய லேபிளும் இருந்தால் மதிப்பு கூடும். தொடக்க கால லேபிள்களில் ஸ்டான்டனின் கையெழுத்தும் எண்ணும் இருக்கும். ஆனால் லேபிளையும் நகல் எடுத்து ஒட்ட முடியும். லேபிள் சொல்லும் காலமும் குதிரை சொல்லும் காலமும் ஒத்துப்போக வேண்டும். பலகை இல்லையே என்று கவலை வேண்டாம். பலகையைத் தனியாகத்தான் விற்றார்கள்.

ஜேக்ஸ் மட்டும்தானா?

இல்லை. 1950-ல் யுகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த செஸ் ஒலிம்பியாடுக்காக வடிவமைத்த செட்டுக்கும் கிராக்கி உண்டு. பாபி ஃபிஷருக்கு மிகவும் பிடித்த செட் அது. பழைய சோவியத் மரச் செட்டுகளையும் நிறைய பேர் சேகரிக்கிறார்கள்.

விற்கும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய செட் கிடைத்ததும் பலர் முதலில் செய்வது, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடிப்பதுதான். அதோடு பல வருஷப் பளபளப்பும் போச்சு, மதிப்பும் போச்சு. காய்ந்த மென்மையான துணியால் தூசியைத் துடைத்தால் போதும். உடைந்ததை ஃபெவிகால் போட்டு ஒட்டாமல், உடைந்த துண்டைத் தனியாகப் பத்திரப்படுத்தலாம்.

ஏல நிறுவனத்திடம் மதிப்பு கேட்க 32 காயும் வரிசையாக நிற்கும் படம், முத்திரை, குதிரையின் பக்கவாட்டுத் தோற்றம், அடிப்பாகம், லேபிள் ஆகியவற்றின் படங்கள், ராஜாவின் உயரம் ஆகியவை தேவை. இணையத்தில் விலை பார்க்கும்போது விற்பவர் 'கேட்கும்' விலையை நம்ப வேண்டாம். ஏலத்தில் உண்மையில் 'விற்ற' விலையைப் பார்க்கணும்.

இந்தியாவில் இருப்பவர்கள் சட்டத்தையும் தெரிந்துகொள்வது அவசியம். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருளும் தொல்பொருள்தான். அதைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. லண்டன் ஏலத்தில் நல்ல விலை கிடைக்கும் என்று பார்சல் போட்டால் வழக்கில்தான் முடியும். காய் யானைத் தந்தம் என்றால் இந்தியாவுக்குள் விற்பதற்கே தடை இருக்கிறது. பிரிட்டனிலும் 2022 ஜூன் முதல் தந்தப் பொருள் விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு.

பரணில் பழைய பெட்டி ஏதாவது இருந்தால், காயலான் கடைக்குப் போடும் முன் வெள்ளை ராஜாவை எடுத்து அடிப்பாகத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எழுத்து எதுவும் இல்லையென்றாலும் நஷ்டமில்லை. 32 காயும் சரியாக இருந்தால், உட்கார்ந்து ஒரு ஆட்டம் போடலாம்!