சுருட்டுப் பெட்டியில் பிறந்த நாதம்



எங்கள் ஊர்த் தேர்த் திருவிழாவிற்கு ஆண்டுதோறும் ஒரு பிடில்காரர் வருவார். கொட்டாங்கச்சியின் வாயை மூடி, மூங்கிற் குச்சியைச் செருகி, கம்பி கட்டிய சிறு பிடில்கள் அவர் தோளில் கொத்தாகத் தொங்கும். அவர் வில்லை இழுத்தால் பாட்டு முழுவதும் அதில் பேசும். வாங்கி வந்து நான் இழுத்தால் பூனைதான் கத்தும். மறுநாள் கம்பி அறுந்ததும் அதனைக் குப்பையில் எறிந்துவிடுவேன். அஃது ஒரு விளையாட்டுப் பொருள் என்பதே அன்று என் எண்ணம். பல்லாண்டுகளுக்குப் பின்னர், அமெரிக்க நாட்டின் இசை வரலாற்றைப் படிக்கும்போதுதான் என் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை உணர்ந்தேன். அங்கே, குப்பையில் எறியப்பட்ட சுருட்டுப் பெட்டி ஒன்று ஓர் இசை மரபிற்கே தொட்டிலாக இருந்திருக்கின்றது. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்கின்றேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சுருட்டுகளைப் பீப்பாய்களிலும் பெரிய பெட்டிகளிலும் அடைத்து அனுப்பினர். கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு மரப்பெட்டிகள் அந்நூற்றாண்டின் இடைப்பகுதியில் பரவின. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற உள்நாட்டுப் போரின்போது படையுடன் சென்று படம் வரைந்த எட்வின் போர்ப்சு என்னும் ஓவியர், 1876ஆம் ஆண்டிற் பதிவு செய்த செதுக்கோவியம் ஒன்றில், பாசறையில் அமர்ந்த ஒரு வீரன் சுருட்டுப் பெட்டியாற் செய்த பிடிலை வாசிக்கக் காண்கிறோம். இக்கருவிக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய படச் சான்றுகளுள் இஃது ஒன்று.

போரின் செலவினால் அரசு புகையிலை மீது வரி விதித்தது. சுருட்டுகளைப் பெட்டியில் அடைத்து வரித் தாள் ஒட்டியே விற்றல் வேண்டும் என்றும், ஒருமுறை பயன்பட்ட பெட்டியில் மீண்டும் சுருட்டு அடைத்தல் குற்றம் என்றும் 1860களின் இறுதியிற் சட்டம் எழுந்தது. வரி ஏய்ப்பைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. ஆனால், அதன் விளைவைப் பாருங்கள்! நல்ல மரத்தாற் செய்த பெட்டிகள் ஊர்தோறும் வெறுமையாய்க் குவிந்தன. பெரும்பாலான பெட்டிகள் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மணமுள்ள மரத்தாலானவை. அம்மரம் இலேசானது, மெல்லிய பலகையாக அறுக்க ஏற்றது. உயர்ந்த கித்தார்களின் கழுத்துப் பகுதிக்கும் அதே மரத்தைப் பயன்படுத்துவர். வரிச் சட்டம் எழுதியவர்கள், தாம் ஏழைகளுக்கு இசைக்கருவி வழங்குகிறோம் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அப்பெட்டியை எடுத்தவர்கள் பலர்; அவர்களுள் அடிமைத்தளையிலிருந்து அப்போதுதான் விடுபட்ட கறுப்பு மக்கள் சிறப்பாகக் கருதத்தக்கவர்கள். அவர்களுடைய முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டபோது கையில் ஒன்றும் கொண்டுவர இயலவில்லை. 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் முரசறைந்து கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டே, அவர்கள் முரசும் கொம்பும் வைத்திருத்தலாகாது என்று அங்கே சட்டம் செய்தனர். எனினும் நினைவைப் பறிக்க எந்தச் சட்டத்தாலும் இயலவில்லை. ஆப்பிரிக்காவிற் கண்டது போலவே சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி, கோல் செருகி, நரம்பு கட்டினர். அதுவே பாஞ்சோ என்னும் கருவியின் தோற்றம். 1865இல் அடிமை முறை ஒழிந்தது, வறுமை ஒழியவில்லை. கடையிற் கித்தார் வாங்கப் பணமில்லாத வீடுகளில், சுரைக்குடுக்கையின் இடத்தைச் சுருட்டுப் பெட்டி பிடித்துக்கொண்டது.

செய்முறை மிக எளியது. பெட்டியின் இரு பக்கங்களிலும் துளையிட்டு ஒரு துடைப்பக் கட்டையைச் செருகுவர். துடைப்பத்தைச் சுற்றியிருந்த கம்பியோ, கதவு வலையிலிருந்து பிரித்த கம்பியோ தந்தியாகும். தந்தி தனியே அதிர்ந்தால் ஒலி காதில் விழாது. அது மெலிந்தது, காற்றைத் தள்ளும் ஆற்றல் அதற்கில்லை. நம் வீணையிற் போலவே ஒரு குதிரையை மேற்பலகையில் நிறுத்தினால், அதிர்வு பலகைக்கு இறங்கி, பெட்டியினுள் உள்ள காற்றையும் அசைத்து ஒலியைப் பெருக்கும். மெட்டுகள் இல்லாக் குறையை ஒரு கண்ணாடிப் புட்டியின் கழுத்து தீர்த்தது. கோட்டுவாத்தியத்திற் கோட்டினை நகர்த்துவது போல அதனைத் தந்தியின் மேல் வழுக்கிச் செலுத்தினர். மனிதக் குரலின் விம்மலை ஒத்த அந்த ஓசை, 'புளூஸ்' என்னும் இசைக்கே உரிய அடையாளமாயிற்று.

டெக்சாசு மாநிலத்துக் கண்ணிழந்த பாடகர் வில்லி ஜான்சனுக்கு ஐந்து வயதில் தந்தை செய்தளித்தது இத்தகைய கருவியே என்று கூறுவர். 1927இல் அவர் பதிவு செய்த ஓர் இசை, 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் விண்கலங்களின் பொன்தட்டில் இடம்பெற்று, இன்று விண்மீன்களுக்கு இடையிலான வெளியிற் சென்றுகொண்டிருக்கின்றது.

மாணவர்களாகிய உங்களுக்கு நான் சிறப்பாகச் சொல்ல விரும்புவது சார்லி கிறிஸ்டியன் என்பவரைப் பற்றி. 1916இற் பிறந்த அவர் ஓக்லஹோமா நகரில் வளர்ந்தவர். தந்தை பார்வையிழந்தவர், பிள்ளைகளுடன் தெருவில் வாசித்துப் பிழைத்தவர். அதே பள்ளியிற் படித்துப் பின்னாளிற் பேரெழுத்தாளரான ரால்ஃப் எல்லிசன், 1958இல் எழுதிய கட்டுரையில் அந்நாட்களை நினைவுகூர்கிறார். கைத்தொழில் வகுப்பில் சார்லி சுருட்டுப் பெட்டியாற் கித்தார் செய்து வாசிப்பாராம்; மற்ற மாணவர் தம் வேலையை மறந்து கேட்டு நிற்பராம். பள்ளியில் மேனாட்டுச் செவ்விசை கற்பித்தனர்; ஜாஸ் இசைக்கு அங்கே மதிப்பில்லை. 1939இல் அச்சிறுவன் பென்னி குட்மனின் புகழ்பெற்ற இசைக்குழுவிற் சேர்ந்தான். பெரும்பாலும் தாளத்திற்குத் துணையாகப் பின்னால் ஒதுங்கியிருந்த கித்தாரை, மின்விசையால் ஒலி பெருக்கி, முன்னின்று பேசும் கருவியாக்கினான்.

இத்துடன் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் வரலாறு நிறைவுறாது. சார்லி கிறிஸ்டியன் 1942இல் காச நோயால் இறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. வில்லி ஜான்சனும் 1945இல் வறுமையிலேயே மாண்டார். ஆகவே, வறுமை கலையை வளர்க்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். பெட்டியைக் கித்தார் ஆக்கியது வறுமையன்று. அதை எதிர்த்து நின்ற அறிவும் செவியும் கையுமே. வறுமை அவர்களிடமிருந்து வாழ்நாளைப் பறித்துக்கொண்டது.

இத்தகைய கைகள் எல்லா நாட்டிலும் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் ஆடு மாடு மேய்க்கும் கோவலன் ஒருவன் வருகிறான். குழல் ஊதி அலுத்தபின், உள்ளே துளையுள்ள குமிழ மரத்தின் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, தானே ஒரு வில்யாழ் செய்து வாசிக்கின்றான். அரசவைப் பேரியாழைப் பாடிய தமிழ்ப் புலவர், காட்டுக் கொம்பில் எழுந்த யாழையும் இசையென்றே மதித்துப் பாடியிருக்கிறார்.

அந்த மதிப்பை நான் என் சிறு வயதிற் காட்டத் தவறினேன். அடுத்த திருவிழாவில் கொட்டாங்கச்சிப் பிடில்காரரைக் கண்டால் நீங்கள் சற்றே நில்லுங்கள். "ஐயா, இதை எப்படிச் செய்கிறீர்கள்? யாரிடம் கற்றீர்கள்?" என்று கேளுங்கள். நான் கேட்காமற் போன கேள்வி அது.