வெனிசுலாவின் பொலிவார்: எண் பெரிது, மதிப்பு சிறிது

தென் அமெரிக்க நாடான வெனிசுலாவின் நாணயம் பொலிவார். விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் பெயரில் 1879-ல் அறிமுகமானது. கடும் பணவீக்கத்தால் அந்நாட்டு அரசு நாணயத்திலிருந்து 2008-ல் 3, 2018-ல் 5, 2021-ல் 6 என மொத்தம் 14 பூஜ்ஜியங்களை நீக்கியது. 2008-க்கு முந்தைய 100 லட்சம் கோடி பொலிவார், இன்றைய ஒரே ஒரு பொலிவார்! 2018-க்கு முந்தைய நோட்டுகள் அந்நாட்டிலேயே செல்லாது.

இது நமக்கு எதற்கு? 2022-ல் செஸ் ஒலிம்பியாட் நடந்த மாமல்லபுரத்துக்கும் கோவளத்துக்கும் பல நாட்டவர் வருகிறார்கள். அங்கே கடை, விடுதி, ஆட்டோ நடத்தும் நம் குடும்பத்தினர், நோட்டில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. டாலர், யூரோவை எளிதில் மாற்றலாம். பொலிவாரை வாங்குவோர் இங்கு அரிது.

வெளிநாட்டுப் பணத்தை மாற்றித் தரும் தொழிலுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி தேவை. எனவே வங்கியிலோ, அனுமதி பெற்ற நிலையத்திலோ மட்டும் மாற்றி, ரசீது வாங்குவோம்.

இரு நாட்டு நாணயங்களை எந்த விலைக்கும் மாற்றலாம். ஆனால் கடன் வைக்காமல், அதே அமர்வில் கைக்குக் கை முடிக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். இதையும் பேணுவோம்.