சீமைச்சுண்ணாம்புப் புல்வெளி மீட்பு

தென் இங்கிலாந்தின் சீமைச்சுண்ணாம்பு மேடுகளிலும் காட்ஸ்வோல்ட்ஸ் போன்ற சுண்ணாம்புக்கல் குன்றுகளிலும் சிதைந்துபோன புல்வெளிகளைப் பெரும்பரப்பில் மீட்டெடுக்கும் இயற்கைப் பாதுகாப்புப் பணி. கிரெட்டேசியஸ் காலக் கடலின் அடியில் நுண்பாசிகளின் ஓடுகள் படிந்து உருவானது இந்தச் சீமைச்சுண்ணாம்பு. அதன்மேல் உள்ள மண் மெல்லியது. நீரும் சத்தும் அதில் தங்குவதில்லை. சத்துக் குறைவுதான் இந்நிலத்தின் செல்வம். எந்தப் புல்லும் மற்றவற்றை அடக்கி வளர முடியாததால், ஒரு சதுர மீட்டரில் 40 தாவர இனங்கள் வரை காணப்படும். காட்டை அழித்த மனிதர்களும் நூற்றாண்டுகளாக மேய்ந்த செம்மறிகளும் சேர்ந்து உருவாக்கிய புல்வெளி இது; மேய்ச்சல் நின்றால் புதர் மூடிவிடும்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்திலும் அதன் பின்னும் உணவு உற்பத்திக்காக மேடுகள் உழப்பட்டன, உரம் கொட்டப்பட்டது. போருக்குப் பிந்தைய இழப்பு சுமார் 80 சதவீதம் என்பது பரவலான மதிப்பீடு. ராணுவப் பயிற்சிக்காக 1897 முதல் வாங்கப்பட்ட சாலிஸ்பரி சமவெளியின் பெரும்பகுதி ஏரிலிருந்து தப்பியது. வடமேற்கு ஐரோப்பாவில் எஞ்சிய இவ்வகைப் புல்வெளிகளில் மிகப் பெரியது அதுவே.

உழுத நிலத்தை மீட்பதில் பெரிய தடை, மண்ணில் தேங்கிய உரச்சத்து. புல்லை அறுத்து அகற்றி அந்தச் சத்தைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். அருகிலுள்ள பழைய புல்வெளியில் விதை முற்றும் வேளையில் அறுத்த பச்சைப்புல்லை அன்றே கொண்டுவந்து பரப்புகிறார்கள். புற்களின் வேரை உறிஞ்சி வாழும் மஞ்சள் ராட்டில் செடியை விதைத்தால் முரட்டுப் புற்கள் தளர்கின்றன. மற்றப் பூச்செடிகளுக்கு இடம் கிடைக்கிறது.

மேய்ச்சலின் அளவு எவ்வளவு நுட்பமானது என்பதை லார்ஜ் புளூ வண்ணத்துப்பூச்சி காட்டியது. இதன் புழு தைம் பூவில் சில வாரம் தின்றபின் தரையில் விழும். மிர்மிகா சபுலேட்டி எறும்பு அதைத் தன் குஞ்சு என்று எண்ணிப் புற்றுக்குத் தூக்கிச் செல்லும். உள்ளே போன புழு எறும்புக் குஞ்சுகளையே தின்று சுமார் பத்து மாதம் வளரும். 1953இல் மிக்சோமடோசிஸ் நோய் பரவி, புல்லை மேய்ந்துவந்த முயல்கள் மடிந்தபோது, புல் சற்று உயர்ந்து தரை குளிர்ந்தது; வெயில் சூடு வேண்டிய அந்த எறும்பு அங்கெல்லாம் அருகியது. 1979இல் பிரிட்டனில் இந்த வண்ணத்துப்பூச்சி அற்றுப்போனது. காரணத்தைக் கண்டறிந்தவர் சூழலியலாளர் ஜெரமி தாமஸ். 1983இல் சுவீடனிலிருந்து இது மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2019இல் காட்ஸ்வோல்ட்ஸின் ராட்பரோ பொதுவெளியில் சுமார் 1,100 புழுக்கள் விடப்பட்டன. அடுத்த கோடையில் ஏறத்தாழ 750 வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன.

ஆனால் தனித்தனிப் புல்வெளித் துண்டுகளைக் காப்பது மட்டும் போதாது. ஒரு கோடை வறண்டாலே சிறு துண்டில் வாழும் பூச்சியினம் அழியலாம். அருகில் வேறொரு புல்வெளி இருந்தால்தான் அங்கிருந்து மீண்டும் குடியேறும். காப்பிடங்கள் கூடுதலாக, பெரிதாக, தரமாக, இணைந்து இருக்க வேண்டும் என்றது சூழலியலாளர் ஜான் லாட்டன் தலைமையிலான குழுவின் 2010 அறிக்கை. அதன் தொடர்ச்சியாக 2012இல் அரசு தெரிவுசெய்த 12 இயற்கை மேம்பாட்டுப் பகுதிகளில் சவுத் டவுன்ஸ், மார்ல்பரோ டவுன்ஸ் மேடுகளும் இடம்பெற்றன. மார்ல்பரோவில் திட்டத்தை முன்நின்று நடத்தியவர்கள் அந்நிலத்து விவசாயிகளே.