மர கேலரியும் சூப்பர் மார்க்கெட்டும்

புவனோஸ் ஐரிஸ் நகரின் போயெதோ பகுதியில் 1985இல் பிரெஞ்சு நிறுவனமான கார்ஃபூர் ஒரு பெரிய கடையைத் திறந்தது. அது நின்ற மண் சான் லொரன்சோ கால்பந்து கிளப்பின் மைதானம்.

கிளப்பின் ஆரம்பம் எளிமையானது. 1908. தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த பையன்களுக்கு லொரன்சோ மாஸ்ஸா என்கிற பாதிரியார் கோயில் முற்றத்தைத் திறந்துவிட்டார். பூசைக்கு வரணும், அவ்வளவுதான் நிபந்தனை. 1916 மே மாதம் சொந்த மைதானம் வந்தது. பின்னால் எழும்பிய மர கேலரிகள் எரிவாயுத் தொட்டி மாதிரித் தெரிந்ததால் ஜனங்கள் வைத்த பெயர் 'காஸோமெட்ரோ'. பந்தாட்டம் மட்டுமல்ல, கார்னிவல் நாட்களில் அங்கேதான் ஆட்டமும் பாட்டும். பேட்டையின் முற்றம் என்றே சொல்லலாம்.

1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நகரத்துக்கு மேயராக அது நியமித்தவர் விமானப்படை பிரிகேடியர் காசியத்தோரே. மைதானத்தின் குறுக்கே தெரு போடணும், வீடு கட்டணும் என்றது நகராட்சி. 'பொது நலன்' என்கிற சொல்லாடலை அதிகாரம் எப்போது கையிலெடுக்கிறது என்று பாருங்கள்: கிளப் கடனில் மூழ்கிக் கிடந்த நேரம். 1979 டிசம்பர் 2, போகா ஜூனியர்ஸுடன் கடைசி ஆட்டம், கோல் எதுவும் விழவில்லை. நிலம் மலிவாகக் கைமாறியது. தெருவும் வரவில்லை, வீடும் வரவில்லை. பிறகு பல மடங்கு விலைக்கு மறுபடி கைமாறிக் கடைசியில் வந்தது கடைதான். 1981இல் அணி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. ஊரான் மைதானங்களை வாடகைக்கு எடுத்து ஆடியபோதும் ரசிகர்கள் கூட்டம் கூட்டமாகப் பின்னாலேயே போனார்கள்.

இந்தக் கதையை ரசிகர்கள் சொல்லும்போது பெரும்பாலும் விடுபடுவது ஒன்றுண்டு. இதே காசியத்தோரேயின் புல்டோசர்கள்தான் நகரத்தின் குடிசைப் பகுதிகளை இடித்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியே தள்ளின. பாஹோ ஃபுளோரஸ் குடியிருப்பும் அதில் அடக்கம். 1993 டிசம்பரில் சான் லொரன்சோவின் புதிய மைதானம் திறக்கப்பட்டது அந்தக் குடியிருப்பின் பக்கத்தில். ஒரே கை துரத்திய இரண்டு கூட்டமும் அண்டை வீட்டுக்காரர்களானது இப்படித்தான்.

ஆனால் ரசிகர்களுக்கு மனசு போயெதோவிலேயே. 2012 மார்ச்சில் பிளாசா தெ மாயோவில் பெருங்கூட்டமாகத் திரண்டார்கள். காணாமல்போன பிள்ளைகளைக் கேட்டு 1977 முதல் தாய்மார்கள் சுற்றி வந்த சதுக்கம் அது. அந்த நவம்பரில் நகரச் சட்டமன்றம் 'வரலாற்று மீட்பு'ச் சட்டத்தை நிறைவேற்றியது. மீட்பு என்று பெயர்தானே தவிர, பறிபோனதைத் திரும்ப விலை கொடுத்தே வாங்க வேண்டியிருந்தது. ரசிகர்கள் சதுர மீட்டர் கணக்கில் காசு போட்டார்கள். 2019 ஜூலையில் நிலம் கைக்கு வந்தது.

பாஹோ ஃபுளோரஸ்காரர்கள் எந்தச் சட்டத்துக்கும் காத்திருக்கவில்லை. 1983இல் ராணுவம் போனதும் திரும்பி வந்தார்கள், புதிதாகப் பிழைக்க வந்தவர்களோடு சேர்ந்து செங்கல் அடுக்கினார்கள்.