சின்ன கிட்டாருக்கு எந்த மரம்? ஒரு கொள்முதல் வரலாறு

கிட்டார் செய்ய எந்த மரம் நல்லது என்று கேட்டால், விவரம் தெரிந்தவர்கள் பலரும் யோசிக்காமல் "ரோஸ்வுட்" என்பார்கள். ஏன் என்றால் "பாரம்பரியம்" என்பார்கள். காமர்ஸ் மாணவனான எனக்கு, பாரம்பரியம் என்றாலே சரக்கு எங்கிருந்து வந்தது, யார் விற்றார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும். அப்படித் தேடியதில் கிடைத்த கதை இது.

ஜெர்மனியின் மார்க்நாய்கிர்சென் ஊரில் 1796-ல் பிறந்தவர் சி.எஃப். மார்ட்டின். அங்கே கிட்டார் செய்யும் உரிமை யாருக்கு என்பதில் வயலின் செய்பவர்களின் சங்கத்துக்கும் மரச்சாமான் தச்சர்களின் சங்கத்துக்கும் பெரிய சண்டை. மார்ட்டின் குடும்பம் தச்சர் பக்கம். வெறுத்துப்போனவர் 1833-ல் நியூயார்க்குக்குக் கப்பலேறினார். பிறகு பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் குடியேறினார்.

அன்றைய கிட்டார்கள் எல்லாமே சின்னவை. கச்சேரி மேடைக்கு அல்ல, வீட்டுக் கூடத்துக்கு. நரம்புக் கம்பிகள்தான் (ஆட்டுக் குடலில் செய்தவை). மார்ட்டினின் அளவு முறை வேடிக்கையானது: எண் கூடக் கூட கிட்டார் சிறுக்கும். 5 மிகச் சின்னது. 1-ஐ விடப் பெரியது 0, அதைவிடப் பெரியது 00! 1840-களில் அவர் மேல்பலகையின் உட்புறம் பெருக்கல் குறி வடிவில் சட்டங்களை ஒட்ட ஆரம்பித்தார். பின்னால் எஃகுக் கம்பி வந்தபோது, அதன் இழுவையைத் தாங்க இந்த அமைப்புதான் கை கொடுத்தது.

மரம்? மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ். எடை குறைவு, விறைப்பு அதிகம். எனவே நன்றாக அதிரும். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் ரோஸ்வுட். மரச்சாமானுக்கும் பியானோவுக்கும் அது அமெரிக்காவில் ஏற்கெனவே இறக்குமதி ஆகிக்கொண்டிருந்தது. கையருகே இருந்த நல்ல சரக்கு!

இதே காலத்தில் ஸ்பெயினில் அந்தோனியோ தே தோர்ரெஸ் ஒரு வேலை செய்தார். 1862-ல் நல்ல ஸ்ப்ரூஸ் மேல்பலகை போட்டு, பின்பக்கத்தையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்தார். ஓசைக்கு மூலம் மேல்பலகைதான் என்று காட்ட. அந்த கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் சந்தை வேறு பாடம் படித்தது. ரோஸ்வுட் என்றால் உயர்ரகம், மகோகனி என்றால் மலிவு ரகம். 1920-களில் மார்ட்டின் கம்பெனி மேல்பலகை உட்பட முழுக்க மகோகனியில் சின்ன கிட்டார்களை எஃகுக் கம்பியோடு விற்றது. அந்த 'மலிவு' கிட்டார்களைத்தான் இன்று சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள்.

அடுத்த திருப்பம் நம் பக்கம். பிரேசில் மரக்கட்டை ஏற்றுமதியைத் தடுத்ததும், 1969-ல் மார்ட்டின் கம்பெனி தன் வழக்கமான தயாரிப்பில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். தோதகத்தி என்பதும் இதுவே. 1992-ல் பிரேசில் ரோஸ்வுட்டின் உலக வணிகத்துக்கே தடை வந்தது. 2017-ல் ஈட்டி உட்பட அந்த இனம் முழுவதும் சர்வதேசக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-ல் விலக்கு.

சரி, இத்தனை மரம் வெட்டியது ஓசைக்காகத்தானா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-ல் வெளிவந்தது. ஒரே வடிவம், ஒரே மாதிரி மேல்பலகை, பின்மரம் மட்டும் வேறு வேறான ஆறு கிட்டார்கள். மரம் கண்ணுக்குத் தெரியாதபடி 52 கலைஞர்கள் வாசித்தார்கள். விலை உயர்ந்த ரோஸ்வுட்டுக்குத் தனி மதிப்பெண் எதுவும் விழவில்லை. தோர்ரெஸ் 156 வருஷத்துக்கு முன்பே சொன்னதுதான்!

ஆக, நாம் பாரம்பரியம் என்பதில் பாதி, அந்தந்தக் காலத்தில் கிடைத்த சரக்கு. சின்ன கிட்டார் செய்ய நினைப்பவர் மேல்பலகையிலும் உட்சட்டத்திலும் காசையும் கவனத்தையும் போடட்டும். பின்பலகைக்கு மகோகனியோ வேறு எளிதில் கிடைக்கும் மரமோ போதும். நூறு வருஷம் நின்ற ஈட்டி மரம் மலையிலேயே நிற்கட்டுமே. என்ன சொல்கிறீர்கள்?