கோட்டைக்குள் ஒரு வம்சம்

அத்தியாயம் 7: படத்தின் ஓரத்தில் நின்றவர்

போன வாரம் இரண்டு பிள்ளைகளை யானைமேல் ஏற்றி அப்படியே நிறுத்திவிட்டோம். இறக்கிவிடுவோம்.

1792 பிப்ரவரி 26. சீரங்கப்பட்டணத்துக்கு வெளியே காரன்வாலிஸ் பிரபுவின் கூடாரம். திப்பு சுல்தானின் மகன் அப்துல் காலிக்குக்குப் பத்து வயது. தம்பி முயிசுத்தீனுக்கு எட்டு. பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் திப்பு சுல்தான் கொடுத்து முடிக்கும்வரை இவர்கள்தான் பிணை. ஆம்பூர், வாணியம்பாடிக்குத் தெற்கே கிடக்கும் பாராமகால் சீமையும் அந்தப் பாதியில் போனது.

அந்தக் காட்சியைத் தாளில் பிடித்தவர் ராபர்ட் ஹோம், படையோடு வந்த ஓவியர். அங்கே கோட்டோவியமாக எடுத்துக்கொண்டு, பிறகு சென்னையில் உட்கார்ந்து நிதானமாகத் தைல வண்ணத்தில் தீட்டினார். படத்தின் இடது கோடியில் கையில் வரைதாள் உறையோடு ஒருவர் நிற்கிறார். அது ஹோமேதான். நேரில் பார்த்தவன் நான் என்று போட்ட சாட்சிக் கையெழுத்து! லண்டனில் மாதர் பிரவுன் இந்தியப் பக்கம் வராமலே இதே பிணைக் கதையைத் தீட்டினார் என்பதை நினைத்தால் ஹோமின் பெருமிதம் புரிகிறது.

தளபதி படம் என்றால் குதிரை, உருவிய வாள், பின்னால் புகை. ஹோமுக்கு அதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. காரன்வாலிஸ் பையன்களின் கையைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகளைப் பிடித்துவைத்தவர் பெற்ற தகப்பன்போலத் தெரிகிறார். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக் காரன்வாலிஸ் சிலையின் பீடத்தைப் பாருங்கள். அங்கும் இதே பிள்ளைகள்தான்.

1794இல் பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். 1799 மே 4இல் வீடே போயிற்று. திப்பு வீழ்ந்த பிறகு அடுத்த ஓவியர் வந்தார்: அயர்லாந்துக்காரர் தாமஸ் ஹிக்கி. வென்ற அதிகாரிகளைக் கறுப்பு, வெள்ளைச் சாக்குக்கட்டியில் வரிசையாக வரைந்தார். திப்புவின் மகன்களை வண்ணத்தில் தீட்டினார். சீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சியை ஏழு பெரிய படங்களாக்கும் ஆசையும் அவருக்கு இருந்தது, ஒன்றும் நடக்கவில்லை. மகன்களின் முகங்கள் கல்கத்தா கவர்னர் மாளிகைச் சுவருக்குப் போயின. மகன்கள் வேலூர்க் கோட்டைக்குள் வந்தார்கள். அகழிக்குள்ளே மகால், வேலையாட்கள், உதவித்தொகை எல்லாம் உண்டு. இஷ்டம்போல வெளியே போக மட்டும் வழியில்லை.

இங்கே ஒரு துண்டுத் தோல் கதைக்குள் நுழைகிறது. இன்று ஊரெல்லாம் தோல் பதனிடும் வட்டாரம் இது. அன்று சிப்பாயின் புதிய தலைப்பாகையில் குத்திய ஒரு தோல் சின்னத்தைத்தான் யாராலும் தாங்க முடியவில்லை. பசுத்தோலா, பன்றித்தோலா? நெற்றிக் குறியும் கூடாது, தாடியும் கூடாது என்று படைத்தலைவர் கிரடாக் காலத்து உத்தரவு வேறு.

1806 ஜூலை 9. திப்புவின் மகள் ஒருத்திக்குக் கோட்டைக்குள் கல்யாணம். ஹோமின் படத்தில் எட்டு வயதில் நின்ற முயிசுத்தீனுக்கு இப்போது இருபத்திரண்டு. உள்ளே சுமார் 1,500 இந்தியச் சிப்பாய்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் நானூறுக்கும் குறைவு. விளக்குகள் அணைந்தாயிற்று.

நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு மேல் ஆகிறது. கலகத்தில் எழுந்துவிட்ட சிப்பாய்களுக்கு இப்போது ஒரு ராஜா வேண்டும். அவர்கள் மனதில் இருந்தது ஹோமின் படத்திலிருந்த தம்பியல்ல. அந்தப் படத்தில் இடமே பெறாத மூத்த அண்ணன், ஃபத்தே ஹைதர்.

அவர் வெளியே வருவாரா?

(தொடரும்)